தெரிந்த துறையும் தெரியாத ஆழமும்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று பேராசிரியப் பெருமக்கள் என்னைக் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என ஒரு வாரம் எண்ணிக்கொண்டிருந்தேன். இலக்கிய நயம் எழுத என்னினும் கற்றவர் இத்துறையில் பலர் உளர். ஊர் வரலாறு எழுத என்னினும் மூத்தோர் உளர். பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கென்று எஞ்சியிருப்பவை ஒரு மூங்கில் தூண்டிலும், அதைப் பிடித்துக்கொண்டு தாமிரபரணிக் கரையில் அமர்ந்திருந்த ஆண்டுகளுமே. ஆகவே அவற்றைப் பற்றியே எழுதத் துணிந்தேன். மீன்பிடிப்பதைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதலாமா என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் கட்டுரையின் பாதி வரையேனும் பொறுத்தருள வேண்டுகிறேன். நான் சொல்ல வந்தது மீனைப் பற்றியதன்று. நம் பிள்ளைகளின் உயிரைப் பற்றியது.

தூண்டில் என்னும் ஆசான்

தூண்டில் தமிழருக்குப் புதிதன்று. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் வலையோடு தூண்டிலும் பேசப்படுகின்றது. திருவள்ளுவர் ‘சூது’ என்னும் அதிகாரத்தின் முதற் குறளிலேயே, சூதில் பெறும் வெற்றியை மீன் இரையென்று எண்ணி விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு ஒப்பிடுகின்றார். கரையில் நிற்பவன் பக்கம் நில்லாமல் மீனின் பக்கம் நின்று தூண்டிலை நோக்கிய அந்தப் பார்வையை, வகுப்பில் நடத்தும்போதெல்லாம் வியந்திருக்கின்றேன். மேலைநாட்டில் 1653ஆம் ஆண்டிலேயே ஐசக் வால்டன் என்னும் ஆங்கிலேயர் தூண்டிற்கலை பற்றித் தனிநூல் ஒன்று எழுதி, அது சிந்திக்கும் மனிதனுக்கு உரிய பொழுதுபோக்கு என்றார். சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியாற்றிய எச்.எஸ். தாமஸ் என்பவர் இந்திய நீர்நிலைகளில் தூண்டிலிடுவதைப் பற்றி 1873இல் ஒரு நூல் வெளியிட்டார். இவற்றையெல்லாம் நான் பிற்காலத்தில் அறிந்துகொண்டேன். எனக்குத் தூண்டிலைக் கற்பித்தவை நூல்கள் அல்ல.

என் வாப்பா கைத்தறி நெசவாளர். அந்நாளில் மேலப்பாளையத்தில் வீட்டுக்கு வீடு தறியோசை கேட்கும். தறியில் மிஞ்சிய நூலை மூன்று புரியாக முறுக்கி, பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்து உலர்த்தினால் தூண்டிற்கயிறு ஆயிற்று. மிதவைக்கு நெட்டித் துண்டு. அமிழ்வதற்கு ஈயக் குண்டு. கோலுக்கு எட்டடி மூங்கில். முள் மட்டும் கடையில் வாங்குவது. நைலான் தங்கூசி எங்கள் கைக்குப் பின்னர்தான் வந்தது. தூண்டில் போடக் கற்பித்தவர் அடுத்த தெருவில் இருந்த முதியவர் ஒருவர். அவரை ‘மாமா’ என்று அழைப்போம். முதல் ஒரு மாதம் அவர் என்னைத் தூண்டில் தொடவே விடவில்லை. மிதவையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்காரச் சொன்னார். கெண்டை கொத்தினால் மிதவை நடுங்கும். நண்டு பற்றினால் பக்கவாட்டில் மெல்ல நகரும். விரால் விழுங்கினால் ஒரே அமுக்கில் மறையும். இவற்றைப் பிரித்தறியத் தெரியாதவன் தண்டிச் சுண்டினால் முள்தான் கைக்கு வரும், மீன் வாராது. காத்திருப்பது சும்மா இருப்பது அன்று என்பதை எனக்கு முதலில் உணர்த்தியது அந்த ஒரு மாதமே. தேர்வெழுதிய மறுநாளே முடிவை எதிர்பார்த்துத் தவிக்கும் மாணவர்களைக் காணும்போது, அவர்களை அந்தக் கரையில் ஒரு நாளேனும் உட்கார வைக்க வேண்டும் என எண்ணியதுண்டு.

இன்னொரு பாடமும் அவர் தந்தது. விரால் மீன் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும் இயல்புடையது. செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீரின் மேற்பரப்புக்கு வந்து போகும்; கீழே தாயும் தந்தையும் நிற்கும். அந்நேரத்தில் அருகில் எது விழுந்தாலும் பாய்ந்து தாக்கும். ஆதலின் அப்போது அதைப் பிடிப்பது மிக எளிது. நான் ஒருமுறை அவ்விடத்தில் இரையை வீச முனைந்தபோது மாமா கையைப் பிடித்துக்கொண்டார். “அத எடுத்தா ஒரு மீன எடுக்கலடே, குளத்தோட அடுத்த வருசத்தயே எடுக்கே” என்றார். கைக்கு எட்டுவதையெல்லாம் எடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்கும் பயிற்சி வேண்டும் என்பதை அன்று கற்றேன். பின்னாளில் சம்பளம், பதவி, வீடு, நிலம் எனப் பலவற்றில் அந்தப் பாடம் எனக்குத் துணை நின்றது.

அந்த எட்டடிக் கோல்

இனி, இக்கட்டுரையை எழுத வைத்த நிகழ்ச்சிக்கு வருகின்றேன். இதுவரை இதை நான் எழுதியதில்லை. வீட்டிலும் முழுமையாகச் சொன்னதில்லை.

1969ஆம் ஆண்டு ஜூன் மாதம். புகுமுக வகுப்பில் சேர்வதற்கு நானும் என் நண்பன் ஒருவனும் காத்திருந்த நாள்கள். எனக்குப் பதினேழு வயது. கோடை விடுமுறையில் இரண்டு மாதம் நான் உறவினர் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தேன். வந்த மூன்றாம் நாள் காலை, வழக்கமாக நான் தூண்டிலிடும் துறைக்கு அவனையும் அழைத்துச் சென்றேன். அவனுக்கு நீந்தத் தெரியாது. எனக்கு ஓரளவு தெரியும். மலையில் சாரல் தொடங்கி ஆற்றில் புதுநீர் சற்றே ஏறியிருந்தது. ஆயினும் தெளிவாகவே இருந்தது.

என் தூண்டில் முள் நீருக்கடியில் எதிலோ சிக்கிக்கொண்டது. இழுத்தால் கயிறு அறும். விட்டுவிட்டால் ஒரு முள் போகும். சில காசு பெறுமான முள். “நான் இறங்கி எடுக்கட்டுமா?” என்று அவன் கேட்டான். “இறங்கு, எனக்குத் தெரிந்த துறைதான். இடுப்பளவுக்கு மேல் இராது” என்றேன்.

இரண்டு மாதங்களுக்கு முன்னர் அது உண்மை. அந்தக் கோடையில் வீடு கட்டுவதற்காக வண்டிகளில் மணல் அள்ளிச் சென்றதால் அவ்விடத்தில் பெரும்பள்ளம் ஏற்பட்டிருந்ததையும், அதன்மேல் புதுநீர் நிரம்பி மூடியிருந்ததையும் நான் அறியவில்லை. அவன் நாலைந்து அடி வைத்தான். அடுத்த அடியில் காணாமற் போனான். ஒருமுறை மேலே வந்தான். கூச்சலிடவில்லை. வாய் திறந்திருந்தது, ஓசை வரவில்லை. கைகள் நீரை அழுத்திக்கொண்டிருந்தன. நான் கையிலிருந்த கோலைக் கீழே எறிந்துவிட்டு, ஊர்ப்பக்கம் திரும்பி உதவிக்குக் கத்தினேன். ஆள்கள் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அவன் என்னிடமிருந்து ஏறத்தாழ ஏழடித் தொலைவில் இருந்தான். நான் கீழே எறிந்த கோல் எட்டடி நீளமுடையது.

இதை நான் அன்று எண்ணிப்பார்க்கவில்லை. ஏழெட்டு நாள் கழித்து, மூலையில் சாத்தியிருந்த அந்தக் கோலைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். அதை நீட்டியிருந்தால் போதும். நான் நீரில் இறங்கவே தேவையில்லை. அவன் தாயைப் பார்க்கச் சென்றபோது, அவர் என்னை ஏசவில்லை. “ஆத்துப் பக்கம் போவாத, போவாதன்னுதான் சொல்லி வளத்தோம், ஐயா. நீந்தச் சொல்லிக் குடுக்கலியே” என்று மட்டும் சொன்னார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் நான் தூண்டிலைத் தொடவில்லை. மீண்டும் தொட்டபோது மீனுக்காகத் தொடவில்லை என்றே சொல்லலாம். நீரை மறுபடியும் கற்கத் தொடங்கினேன்.

ஆறு ஒரு நாள் இருந்தபடி மறுநாள் இருப்பதில்லை

அந்தக் கல்வியில் நான் கண்ட முதல் உண்மை, ‘தெரிந்த துறை’ என்று ஒன்று இல்லை என்பதே. நேற்றுத் தெரிந்த துறைதான் உண்டு. பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே கடலிற் கலக்கும் தாமிரபரணி, தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் ஆகிய இரண்டாலும் நீர்பெறும் ஆறு. நம் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டியதில்லை. மலையில் பெய்தால் போதும். மேலே பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் இருக்கின்றன. பாசனத்திற்கும் மின் ஆக்கத்திற்கும் நீர் திறக்கும்போதும், அணை நிரம்பி உபரிநீர் வெளியேறும்போதும், வெயில் அடிக்கும் பகலிலேயே கீழே ஆற்றின் மட்டம் உயரும். காலையில் நடந்து கடந்த பாறைக்கு மாலையில் திரும்ப வழியிராது.

வெள்ளம் வடிந்தபின் ஆற்றின் அடிப்பகுதியே மாறிவிடுகின்றது. 1992 நவம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 18ஆம் நாள் காலை வரையான இருபத்து நான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அவ்வெள்ளம் வடிந்தபின் நான் என் துறைகளுக்கு ஒவ்வொன்றாகச் சென்று நீண்ட கழியால் ஆழம் பார்த்தேன். முழங்கால் அளவிருந்த இடத்தில் கழி எட்டவில்லை. கசம் என்று நாங்கள் விலகி நடந்த இடத்தில் மணல் மேடிட்டுக் கிடந்தது.

மூன்று செய்திகளை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, தெளிந்த நீர் ஏமாற்றும். ஒளி நீரிலிருந்து வெளிவரும்போது வளைவதால், நேர்மேலிருந்து நோக்குங்கால் நாலடி ஆழம் மூன்றடியாகத் தோன்றும். சாய்வாக நோக்கினால் இன்னும் குறைவாகத் தோன்றும். இயற்பியல் வகுப்பில் படித்து மதிப்பெண் வாங்கிய இப்பாடத்தை ஆற்றங்கரையில் எத்தனை பேர் நினைக்கின்றோம்? இரண்டாவது, ஓடும் நீரின் வேகம் இருமடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். ஆகவே முழங்கால் அளவுதானே என்று எண்ணுவது தவறு. மூன்றாவது, தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றின்மேல் வழிந்து விழும் நீர் அடியில் சென்று திரும்பவும் அணையை நோக்கியே சுருண்டு வரும். அச்சுருளில் அகப்பட்டவர் நன்கு நீந்தத் தெரிந்தவராயினும் வெளிவருவது அரிது. கண்ணுக்கு அழகிய அருவிபோல் தோன்றும் அவ்விடமே குளிக்க இறங்கும் இளைஞர்களை ஈர்க்கின்றது. வள்ளுவர் காட்டிய மீனின் நிலையும் இதுதான். இரைபோல் தோன்றுவது முள்.

தூண்டிற்காரன் கைக்கொள்ளும் முறைகள்

தூண்டிலை விரும்பும் இளைஞர்கள் நம் ஊரில் இப்போது பெருகி வருகின்றனர். வண்ண வண்ண ரீல்களும் கார்பன் கோல்களும் அவர்கள் கையில் காண்கின்றேன். மகிழ்ச்சியே. எனினும் மூத்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். பாளையங்கால்வாய்க் கரை போன்ற இடங்களில் கம்பிகள் தாழச் செல்கின்றன. வீசுவதற்கு முன் மேலே பார்க்க வேண்டும். பின்னாலும் பார்க்க வேண்டும். நம் முள் இன்னொரு பிள்ளையின் கண்ணில் பட்டால் அதற்கு ஈடில்லை. இடியோசை கேட்டவுடன் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்திற்குள் செல்ல வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழியும் வரை திரும்பக் கூடாது. முள் விரலில் தைத்துக் கொக்கி உள்ளே சென்றுவிட்டால் வந்த வழியே பிடுங்கக் கூடாது, சதை கிழியும். நரம்பை அறுத்துவிட்டு மருத்துவமனைக்குச் சென்று, முள்ளை எடுத்துத் தடுப்பூசியும் போட்டுக்கொள்வதே நன்று. கெளுத்திக்கு முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முட்கள் உண்டு. தேளி மீனின் முள்ளோ பெயருக்கேற்பக் கொட்டும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை அமிழ்த்தி வைத்தால் கடுப்பு வெகுவாகத் தணியும். பின்னர் மருத்துவரைக் காண வேண்டும்.

தனியே செல்லாதீர். சென்றால் எத்துறைக்கு, எப்போது திரும்புவேன் என்பதை வீட்டில் சொல்லிச் செல்லுங்கள். என் மனைவி முன்பெல்லாம், “மீன் வாங்கித் தந்தால் போதாதா, எதற்கு இந்தக் கணக்கு?” என்று கேலி செய்வார். மூன்றாண்டுகளுக்கு முன் பாசிப் பாறையில் வழுக்கிக் கணுக்கால் பிசகி எழ முடியாமல் கிடந்தபோது, சொன்ன நேரத்திற்கு நான் வராததைக் கண்டு மகனை அனுப்பியவர் அவரே. அறுந்த தங்கூசியைக் கரையில் எறியாதீர். அது மட்குவதற்குப் பன்னெடுங்காலம் ஆகும். அதற்குள் எத்தனையோ கொக்கின் காலிலும் நீர்க்காகத்தின் சிறகிலும் சுற்றிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிக்கிய முள்ளுக்காக ஒருபோதும் நீரில் இறங்காதீர். கயிற்றை அறுத்துவிடுங்கள். நான் இன்றளவும் பத்து முள் கூடுதலாகக் கொண்டு செல்வது அதற்காகவே.

மூழ்குவோரைக் காத்தல்

மூழ்குபவர் கையசைத்துக் கூவுவார் என்பது திரைப்படக் காட்சி. உண்மையில் மூச்சுக்கே போராடுபவருக்குக் கூவ மூச்சிராது. ஓசையின்றித்தான் மூழ்குவர். அதை நான் கண்டிருக்கின்றேன். அவ்வேளையில் பதறி நீரில் பாய்வதும் தவறு. காக்கச் சென்றவரையும் மூழ்குபவர் பற்றி இழுக்க, ஓருயிர்க்கு மாற்றாக ஈருயிர் போன செய்திகளை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கின்றோம். முதலில் நீட்டுங்கள்: கோல், கழி, மரக்கிளை, முறுக்கிய வேட்டி, துப்பட்டா, எதுவாயினும் சரி, நீட்டும்போது கரையில் படுத்துக்கொள்ளுங்கள். எட்டாவிட்டால் எறியுங்கள்: கயிறு, காற்றடைத்த டியூப், மூடியிட்ட வெற்றுக் கேன். கூடவே பிறரை அழையுங்கள். பயிற்சியில்லாதவர் இறங்கக் கூடாது.

கரைசேர்த்தவர் மூச்சின்றிக் கிடந்தால், காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் ஊர்களில் இன்னும் நடக்கின்றன. அவை தீங்கானவை, பொன்னான நேரத்தை வீணாக்குபவை. 108க்கு ஒருவர் அழைக்க, மற்றொருவர் வாயோடு வாய் வைத்துச் சில மூச்சுகள் ஊதி, மார்பின் நடுவில் அழுத்தத் தொடங்க வேண்டும். முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு எனத் தொடர வேண்டும். இதை நூலில் படித்தால் வாராது. பொம்மையின் மேல் கை வைத்துப் பழக வேண்டும்.

ஊரும் கல்லூரியும் செய்யத்தக்கவை

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். நம் நாட்டில் மட்டும் ஆண்டுதோறும் முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் இறப்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. அவர்களுள் இளைஞரும் சிறுவரும் எத்தனை பேர் என்பதற்கு, விடுமுறை நாளுக்கு மறுநாள் வரும் நாளிதழே சான்று.

‘ஆற்றுப் பக்கம் போகாதே’ என்று தடுப்பதுதான் நம் பெற்றோர்கள் அறிந்த ஒரே காப்பு. அது அன்பினால் பிறந்தது. ஆனால் பயன் தருவதில்லை. பிள்ளைகள் போகவே செய்வர். தடையிருப்பதால் சொல்லாமல் போவர். சொல்லாமல் போவதால் தேடுவாரின்றி மூழ்குவர். அச்சத்தை மட்டும் கொடுத்து ஆற்றலைக் கொடாமல் விட்டோம் என்பதே அந்தத் தாயின் சொல்லில் இருந்த பொருள்.

வேறு சிலர், “எல்லாம் விதி, நேரம் வந்தால் நிலத்திலும் போகும்” என்பர். பிள்ளையை இழந்த தாய் அச்சொல்லில் ஆறுதல் தேடுவாராயின் அது அவருடைய உரிமை. காக்கும் பொறுப்பில் இருக்கும் நாம் அதைச் சாக்காகச் சொல்வது முறையன்று.

பணமும் இடமும் இல்லையே என்று கேட்கலாம். வங்காளதேசம் நம்மினும் செல்வமிக்க நாடன்று. அங்கே சிற்றூர்க் குளங்களில் மூங்கிலால் மேடையும் தடுப்பும் அமைத்து, நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நீச்சல் கற்பித்தனர். அவ்வாறு கற்ற குழந்தைகளிடையே மூழ்கி இறத்தல் மிகப் பெரிதும் குறைந்ததை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த வங்காளதேசமும் அயர்லாந்தும் முன்னின்று முயன்றதன் பயனாகவே, ஐக்கிய நாடுகள் பொது அவை 2021 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றி, ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது. மூங்கிலும் குளமும் நம்மிடமும் இருக்கின்றன.

ஆகவே என் கருத்துகளைப் பணிவுடன் முன்வைக்கின்றேன். கல்லூரியில் சேரும் ஒவ்வொருவரும் பட்டம் பெறுவதற்குள் நீரில் மிதக்கவும் சிறிது தூரம் நீந்தவும் கற்க வழி செய்ய வேண்டும். மாணவியர்க்குப் பெண் பயிற்சியாளரைக் கொண்டு தனி நேரத்தில் கற்பிக்கலாம். குடமெடுத்துத் துறைக்குச் செல்பவரும், குழந்தையைக் குளிப்பாட்ட அழைத்துச் செல்பவரும் பெரும்பாலும் பெண்களாயிருக்க, அவர்களை இக்கல்வியிலிருந்து விலக்கி வைத்திருப்பது பெருந்தவறு. சுற்றுலா செல்லும் குழு, உள்ளூர் அறிந்த ஒருவரின் துணையின்றி எந்த நீரிலும் இறங்கக் கூடாது என்பதை எழுதாத விதியாக விடாமல் எழுதிய விதியாக்க வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், பெரியவர்களின் துணையோடு, ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பின்னும் துறைகளில் கரையிலிருந்தே கழியால் ஆழம் கண்டு பலகை எழுதி வைக்கலாம். ஜமாஅத் பெரியவர்களும் ஏனைய ஊர்ப் பெரியவர்களும் கூடி, துறைக்கு ஒரு நீண்ட கழி, ஒரு கயிறு, ஒரு டியூப் வைக்க ஏற்பாடு செய்யலாம். ஒரு விருந்தில் மிஞ்சி வீணாகும் உணவின் விலை கூட அதற்கு ஆகாது.

பாலம் கட்டிய மனம்

திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் ஆற்றுப் பாலத்தை நாள்தோறும் கடக்கின்றோம். 1843இல் அதைக் கட்டியவர் சுலோசன முதலியார். ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த அவர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அதைக் கட்டினார். ஆற்றைக் கடப்பது மக்களுக்குத் துன்பமாக இருக்கிறது என்பதைக் கண்ட ஒருவர், தம்மால் ஆனதைச் செய்தார். இன்றும் அதன்மேல் நடப்பவர்கள் அவர் பெயரைச் சொல்கின்றனர். நாம் எல்லோரும் பாலம் கட்ட வல்லமையுடையோம் அல்லேம். ஒரு கழி வைக்கலாம்.

நான் அதைச் செய்து வருகின்றேன். அவன் மூழ்கிய துறையில் ஒரு மருத மரம் நிற்கின்றது. அதில் பன்னிரண்டடி மூங்கிற்கழி ஒன்றைச் சணற்கயிற்றால் தளர்வாகக் கட்டி வைத்திருக்கின்றேன். இரண்டு முறை யாரோ துணி உலர்த்தும் கொடிக்கு எடுத்துச் சென்றுவிட்டனர். வெள்ளம் ஒருமுறை கொண்டு போயிற்று. ஒவ்வொரு முறையும் மறுநாளே வேறொன்று கட்டிவிடுவேன். சென்ற ஆண்டு ஒரு மாலையில், குளிக்க வந்த சிறுவன் ஒருவனை அக்கழியை நீட்டி இழுத்ததாக அத்துறையில் துணி வெளுக்கும் ஒருவர் சொன்னார். சிறுவன் பெயரையோ தெருவையோ நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, மூலையில் நிற்கும் என் எட்டடிக் கோலைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் ஊரில் உங்களுக்குத் தெரிந்த துறை ஒன்று இருக்கும். அடுத்த முறை அங்குச் செல்லும்போது, இறங்குவதற்கு முன் ஒரு கழியை எடுத்து ஆழம் பாருங்கள். பார்த்தபின் அந்தக் கழியைக் கரையிலேயே, பிறர் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு வாருங்கள்.